காதில் விழுகிறது, பதில் போகவில்லை

திருச்சி வானொலி நிலையம் 1939இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருகி நிறுத்தினால் தஞ்சாவூரிலும் கரூரிலும் புதுக்கோட்டையிலும் திருச்சி கேட்கும். கேட்பவர் வீட்டு ரேடியோப் பெட்டிக்கு இருந்தது ஒரே வேலை: காற்றில் வருவதைப் பிடித்து ஒலியாக்குவது. அது நிலையத்துக்குப் பதில் சொன்னதில்லை, சொல்ல அதற்கு வாயும் கிடையாது. பல தலைமுறைகளாக இந்தப் பெட்டியோடு பழகியதில் நமக்கு ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டது: நிலையம் கிடைத்தால் எல்லாம் சரி, கிடைக்காவிட்டால்தான் கோளாறு. இப்போது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தால், அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் பத்துப் பதினைந்து வரிசையாக வந்து நிற்கும். நம் வீட்டுப் பெயரும் கோடுகள் நிறைந்து முதலில் இருக்கும். சொடுக்கினால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் 'இந்த நெட்வொர்க்கில் இணைக்க முடியவில்லை' என்று ஒரு வரி வரும். 'சிக்னல்தான் ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன?' என்ற கேள்வி அப்போது எழாத வீடு இல்லை. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது ரேடியோப் பெட்டிக்குரிய கேள்வி. லேப்டாப்பில் பெயர் தெரிவதற்கும் இணைப்புக் கிடைப்பதற்கும் நடுவே ஓர் உரையாடல் இருக்கிறது. அது எந்த வரியில் அறுந்தது என்று பார்க்காமல் டிரைவர் மென்பொருளை அழித்து ஏற்றுவதும், ரவுட்டரைக் குறை சொல்வதும், புது லேப்டாப்புக்கு விலை விசாரிப்பதும் பெரும்பாலும் வீண் செலவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பட்டியலில் பெயர் எப்படி வருகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு ரவுட்டரும் தன்னைப் பற்றிய சிறு அறிவிப்பொன்றைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்கு பீக்கன் என்று பெயர். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிநொடிக்கு ஒரு பீக்கன், அதாவது நொடிக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. வைஃபையின் பெயர், எந்தச் சேனல், என்னென்ன வேகங்கள் தெரியும், எந்த வகைப் பூட்டு போட்டிருக்கிறது என்பவையெல்லாம் அதில் இருக்கும். கவனிக்க வேண்டியது, இந்த அறிவிப்பை ரவுட்டர் தன்னால் இயன்ற மிக மெதுவான வேகங்களில் ஒன்றில் சொல்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பெரும்பாலும் நொடிக்கு 1 மெகாபிட். 1997இல் வந்த முதல் வைஃபை தரநிலையின் வேகம். காது மந்தமானவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல, மெதுவாகச் சொன்ன செய்தி மிக நலிந்த சிக்னலிலும் புரிந்துவிடும். அதனால்தான் ஒருநாளும் நம்மால் பயன்படுத்த முடியாத எதிர் வரிசை வீட்டு வைஃபைகூட நம் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோடுகள் அளப்பதும் இந்த ஒருவழிச் சத்தத்தைத்தான். ரவுட்டரின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்று அவை சொல்லும். நம் குரல் ரவுட்டருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

லேப்டாப்பும் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று குரல் கொடுக்கிறதே, அப்படியானால் பெயர் தெரிவதே இருவழிப் பேச்சுக்குச் சான்று இல்லையா என்று விஷயம் தெரிந்தவர் மறுக்கலாம். குரல் கொடுப்பது உண்மை. ஆனால் பட்டியல் நிரம்ப அது தேவையில்லை, பீக்கனைக் கேட்டாலே போதும். இதற்குத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே ஒரு சான்று கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பவை 11. பல நாடுகளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட வைஃபை கார்டுகளில் சில, தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உறுதியாகும் வரை 12, 13ஆம் சேனல்களில் காதை மட்டும் திறந்து வைத்திருக்கும், வாயைத் திறக்காது. அதாவது கேட்பதற்கு ஓர் அனுமதி, பேசுவதற்கு வேறோர் அனுமதி என்று கார்டைச் செய்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் தானாகவே 13ஆம் சேனலுக்குப் போய் உட்கார்ந்துகொண்ட வீட்டில், பெயர் தெரிந்தும் லேப்டாப் சேராமல் போக இது ஒன்றே போதும். ரவுட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில், பரமபத வாசல் திறக்கும் நேரத்து ஸ்ரீரங்கத்தை நினைத்துப் பாருங்கள். காணாமல் போன குழந்தையைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ராஜகோபுரத்தடியில் நிற்பவருக்கும் அது தெளிவாகக் கேட்கிறது. குழந்தை அவர் பக்கத்திலேயே நிற்கிறது. 'இதோ, இங்கேதான் இருக்கு!' என்று அவர் அடித்தொண்டையில் கத்தினாலும் அறிவிப்பு மேடைக்குப் போய்ச் சேராது. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே இருப்பது இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்றாலும், ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்கிறது. சுவர் மின்சாரத்தில் ஓடி, ஆன்டெனாக்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் வீட்டு ரவுட்டர் ஏறத்தாழ 100 மில்லிவாட் அளவில் பேசுகிறது. பேட்டரியைச் சிக்கனம் பிடிக்கும் லேப்டாப் பெரும்பாலும் அதில் பாதியோ, அதற்கும் குறைவோதான். சற்றுத் தள்ளி இரண்டு சுவருக்கு அப்பால் வந்து சேரும் சிக்னல், ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளி அளவுக்குக்கூட இறங்கிவிடலாம். பீக்கனைப் பிடிக்க அந்தத் துளியே ஏறக்குறையப் போதும். ஆனால் இணைப்பு நிலைக்க வேண்டுமானால் நம் துளியும் எதிர்முனையில் பிடிபட வேண்டும்.

வீட்டின் அமைப்பும் இதில் கை வைக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டவை: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கொல்லை. ஃபைபர் கேபிள் தெருப்பக்கமாக நுழைவதால் ரவுட்டரை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போகிறார்கள். படிக்கிற பிள்ளை உட்காருவதோ கடைசி அறையில். இடையில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய தடித்த சுவர்கள் இரண்டோ மூன்றோ. 936 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். வீட்டுச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதுவும் பாதியாகிவிடும். அலை குட்டையாக ஆகச் சுவரும் இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அதற்குப் பெரிய தடைகளாகின்றன. ஆக, கடைசி அறையில் பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது என்றால், முதல் சோதனை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரேழிக்கு நடப்பதுதான். ரவுட்டருக்கு இரண்டு மீட்டரில் உடனே சேர்ந்துவிட்டால் பாஸ்வேர்டும் டிரைவரும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுபடுகின்றன. காசில்லாத சோதனை, அதனாலோ என்னவோ அதிகம் பேர் செய்வதில்லை.

பக்கத்தில் வந்தால் மட்டும் சேர்கிறது, இரண்டடி தள்ளினால் அறுந்துபோகிறது என்றால் சந்தேகம் வேறு திசைக்குப் போக வேண்டும். லேப்டாப்பின் வைஃபை கார்டு கீழ்ப் பலகையில் இருக்கிறது. அதன் ஆன்டெனாவோ பெரும்பாலான மாடல்களில் திரையின் ஓரத்தில். இரண்டையும் இணைப்பது முடியைப்போல மெல்லிய இரண்டு கேபிள்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மூடித் திறக்கும் கீல் வழியாகத்தான் அவை மேலே ஏறுகின்றன. ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினால் மூன்று ஆண்டில் பத்தாயிரம் முறை அந்த வளைவில் கேபிள் மடங்கியிருக்கும். அல்லது வேறு ஏதோ ரிப்பேருக்காகத் திறந்த கடையில், பொட்டுபோல இருக்கும் அந்தப் பித்தளைக் கொக்கியைக் கார்டின் மேல் சரியாக அழுத்தாமல் மூடியிருப்பார்கள். அழுத்தும்போது 'டிக்' என்று விரலில் ஓர் அதிர்வு தெரியும். தெரியாவிட்டால் உட்காரவில்லை என்று பொருள். கேபிள் கழன்ற லேப்டாப்பும் அருகிலுள்ள பெயர்களைக் காட்டும் என்பதுதான் இதில் ஏமாற்று. கார்டிலுள்ள துளி உலோகமே பீக்கனைப் பிடிக்கப் போதுமானதாக இருக்கிறது. டிரைவரைப் பத்து முறை மாற்றி ஏற்றினாலும் இந்த லேப்டாப் குணமாகாது.

இன்னொரு பக்கம் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் எடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் அறிவித்தது. நல்ல முடிவுதான், வீட்டுக்கு வீடு வைஃபை வந்தது அதனால்தான். ஆனால் அங்கே இருக்கும் 13 சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை, ஒன்றையொன்று தொடாமல் பேசக்கூடியவை மூன்றே. பொதுச் சுவர் வைத்து ஒட்டிக் கட்டிய வீதியில் பதினைந்து ரவுட்டர்கள் அந்த மூன்று சேனல்களில் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரைகிறது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. லேப்டாப்பின் பக்கத்தில் செருகிய ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கியதும் வைஃபை சேர்ந்துகொண்டால் அதில் மாயம் எதுவும் இல்லை.

இனி உரையாடலுக்கு வருவோம். சேர் என்று சொடுக்கியதும் லேப்டாப் ரவுட்டரிடம் முதலில் 'நான் வரலாமா' என்கிறது, ரவுட்டர் 'வா' என்கிறது. ஆரம்பகாலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் சம்பிரதாயம் இது. அடுத்து, எந்தெந்த வேகங்களில், எந்த வகைப் பூட்டில் பேசிக்கொள்வது என்று உடன்பாடு. அதன் பிறகுதான் பாஸ்வேர்ட் விஷயம், அதுதான் பலருக்கும் தப்பாகப் புரிந்திருக்கும் இடம். நாம் தட்டும் பாஸ்வேர்ட் காற்றில் போவதே இல்லை. 2004இலிருந்து வழக்கில் உள்ள டபிள்யூபிஏ2 முறையில், 8 முதல் 63 எழுத்துகள் வரையிலான பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து 256 பிட் நீளச் சாவி ஒன்றை லேப்டாப் தன்னிடமே செய்துகொள்கிறது. ரவுட்டரும் தன் பக்கம் அதே சாவியைச் செய்து வைத்திருக்கிறது. இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதானா என்று, சாவியைக் காட்டாமலேயே, நான்கு செய்திகளில் சோதித்துக்கொள்கிறார்கள். ரவுட்டர் ஒரு புதிர் எண்ணை அனுப்புகிறது. லேப்டாப் தன் புதிர் எண்ணையும் சாவியால் போட்ட ஒரு முத்திரையையும் திருப்பி அனுப்புகிறது. முத்திரை பொருந்தினால் மூன்றாவது செய்தி, பெற்றுக்கொண்டதற்கு நான்காவது.

பாஸ்வேர்டில் ஓர் எழுத்துத் தவறினால் முத்திரை பொருந்தாது. அப்போது ரவுட்டர் 'தவறு' என்று பதில் சொல்வதில்லை. பொருந்தாத செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் முதல் செய்தியையே மறுபடி அனுப்பும், இன்னும் ஒருமுறை அனுப்பும், பிறகு 'கைகுலுக்கல் நேரத்துக்குள் முடியவில்லை' என்று துண்டித்துவிடும். தரநிலையில் இதற்குக் காரண எண் 15. இப்போது வேறொரு காட்சி: பாஸ்வேர்ட் சரி, ஆனால் லேப்டாப்பின் பதில் நலிந்து, ரவுட்டரை எட்டவே இல்லை. ரவுட்டர் என்ன செய்யும்? முதல் செய்தியை மறுபடி அனுப்பும், இன்னும் ஒருமுறை அனுப்பும், துண்டிக்கும். காரண எண் அதே 15. லேப்டாப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. அதனால் விண்டோஸ் ஊகத்தில் இறங்கி, ஒரு சமயம் பொதுவாக 'இணைக்க முடியவில்லை' என்கிறது, ஒரு சமயம் சரியான பாஸ்வேர்டையே மறுபடி கேட்கிறது. 'நான் சரியாகத்தான் போட்டேன்' என்று சத்தியம் செய்பவரும், 'பாஸ்வேர்ட் தப்பு சார்' என்று போனில் சொல்லும் வாடிக்கையாளர் சேவைக்காரரும் ஒரே சமயத்தில் நேர்மையானவர்களாக இருக்க முடிவது இதனால்தான். சண்டையைத் தீர்க்க வழி, கண் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டிவிட்டு, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை முயல்வது. அங்கும் மறுத்தால் பெரும்பாலும் சாவி தவறு, சேர்ந்தால் தூரம்.

இங்கே வழக்கமாக எழும் பெரிய மறுப்பு: 'என் போன் அதே இடத்தில் அதே பாஸ்வேர்டில் சேருகிறதே, அப்போது பழுது லேப்டாப்பில்தானே?' பாதி உண்மை. போன் சேர்வதால் ரவுட்டர் ஊமையாகிவிடவில்லை என்று மட்டுமே தெரிகிறது. லேப்டாப்போடும் அது அதே மொழியில் பேசுகிறது என்பதற்கு அது சான்றாகாது. டபிள்யூபிஏ2வின் அந்த நான்கு செய்திக் கைகுலுக்கலில் ஓர் ஓட்டை இருப்பதை பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் 2017 அக்டோபரில் வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டே டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு வந்தது. புதிய ரவுட்டர்களில் அதை மட்டும் என்று வைத்துவிட முடியும். இரண்டாண்டுப் போனுக்கு அந்தப் பூட்டு தெரியும். 2014இல் வாங்கிய லேப்டாப்பின் கார்டுக்குப் பெரும்பாலும் தெரியாது. பெயரை வாசிக்கும், பூட்டைப் பார்க்கும், திகைத்து நிற்கும். இது எதுவும் பழுதாகாமலே நேரும் பிணக்கு. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பைத் தேர்ந்தால் பல வீடுகளில் முடிந்துவிடும். இதே வகையில் இன்னொன்று: பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியது மாட்டும்போது, பெயரை மட்டும் பழையபடி வைப்பது. லேப்டாப்பின் நினைவில் பழைய பூட்டும் பழைய பாஸ்வேர்டும் அந்தப் பெயரோடு ஒட்டிக் கிடக்கின்றன. பெயரைப் பார்த்ததும் பழைய சாவியை நீட்டுகிறது. அந்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று சொல்லிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுதான் மருந்து. ரவுட்டரில் கருவிகளின் வன்பொருள் முகவரிகளை வைத்து 'இந்தக் கருவிகள் மட்டும்' என்று அனுமதிப் பட்டியல் போட்டிருக்கும் வீடுகளில், விண்டோஸ் 10, 11இல் உள்ள மாறும் வன்பொருள் முகவரி என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், சொந்த லேப்டாப்பே ரவுட்டருக்கு அந்நியனாகிவிடும்.

ஆகவே போனை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, போனையே சோதனைக் கருவியாக்குவது நல்லது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் லேப்டாப்பின் கார்டு, ஆன்டெனா, டிரைவர் மூன்றும் அடிப்படையில் வேலை செய்கின்றன. சிக்கல் அந்த ரவுட்டரோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது. போனைக் கையருகே வைத்தும் சேரவில்லை என்றால்தான் லேப்டாப்பைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. ஒரு நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனை ஊகங்களில் பாதியைக் கழித்துவிடும்.

பூட்டு திறந்த பிறகும் ஒரு வாசல் உண்டு. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும், அதை நாள் கணக்கில் வாடகைக்கு விடுவதுபோல விடுகிறது. மார்கழியில் கோயிலைச் சுற்றியுள்ள தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரவுட்டரிடம் 100 முகவரிகள், வாடகைக் காலம் 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நாற்பது அறை, அறைக்கு மூன்று போன் என்ற கணக்கிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். காலையில் அறையைக் காலி செய்து ரயிலேறியவரின் போன், விழுப்புரம் தாண்டிய பிறகும் இங்கே ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். மாலையில் வந்து லேப்டாப்பைத் திறப்பவருக்குப் பெயர் தெரியும், பாஸ்வேர்ட் ஏற்கப்படும், முகவரி மட்டும் வராது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு லேப்டாப் தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். நெட்வொர்க்கின் விவரப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தால், உரையாடல் முகவரி கேட்கும் வரியில் நின்றுபோனது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

'இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே' என்பார்கள். பல சமயம் சரியாகிவிடும், மறுக்கவில்லை. அணைத்துப் போடும்போது ரவுட்டர் முகவரிப் பதிவேட்டை மறந்துவிடலாம், வேறு சேனலுக்கு நகரலாம், தொங்கிப்போன மென்பொருள் எழுந்து உட்காரலாம். மூன்றில் எது நடந்து சரியானது என்று நமக்குத் தெரியாது, தடயம் அதோடு அழிந்தது. முகவரி தீர்ந்துபோகும் விடுதியில் மூன்று நாளைக்கொரு முறை அணைத்துப் போடுவதே வேலையாகும். வாடகைக் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்திருந்தால் அதில் பெரும்பகுதி தேவைப்பட்டிராது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் தானாகவே அணைந்து எழுகிறது. அதன் பிறகும் தொடரும் கோளாறை இன்னொரு முறை அணைப்பதால் மட்டும் தீர்க்க முடியும் என்று நம்பக் காரணமில்லை.

வீட்டுக்கு வெளியே கதை இன்னும் சற்று மாறும். திருச்சி ஜங்ஷன் உட்பட நாட்டின் ஆயிரக்கணக்கான ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் தரும் ரெயில்வயர் வைஃபையில் பூட்டு காற்றில் இல்லை, ஒரு வலைப்பக்கத்தில் இருக்கிறது. லேப்டாப் உடனே சேர்ந்துவிடும், ஆனால் பிரவுசரில் அந்தப் பக்கம் திறந்து, கைபேசி எண் கொடுத்து, வரும் ஓடிபியைத் தட்டும் வரை எதுவும் நகராது. வேறு டிஎன்எஸ் முகவரியையோ விபிஎன்னையோ நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கும் லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறக்காமலே போகலாம். கல்லூரி வளாகங்களில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கும் முறை இருந்தால், கல்லூரியின் சர்வர் ஒரு சான்றிதழை நீட்டும், அதில் தொடக்கத் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். லேப்டாப்பின் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி செத்து, தேதி ஏதோ பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று லேப்டாப் நினைத்து மறுத்துவிடும். விடுதி அறையில் வைஃபை சேரவில்லை என்று புலம்பும் மாணவரின் சிக்கல், திரையின் வலது மூலையிலுள்ள தேதியைத் திருத்தினாலே தீர்ந்துவிடுவதும் உண்டு.

சாதாரண மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பது கடைசி மறுப்பு. கைகுலுக்கலின் நான்கு செய்திகளை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸே கடந்த சில நாட்களின் வயர்லெஸ் வரலாற்றை, எந்த நிமிடம் எந்தக் காரணத்தால் இணைப்பு அறுந்தது என்பது உட்பட, ஓர் அறிக்கையாகத் தயாரித்துத் தரும். அதைப் படிப்பது மெக்கானிக்கின் வேலை. நம் பங்கு அதைவிட எளிது. தில்லைநகரிலோ சத்திரம் பேருந்து நிலையப் பக்கமோ சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பை எடுத்துப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: ரவுட்டர் பக்கத்தில் சேர்கிறதா, போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்கிறதா, திரையில் வந்த வாசகம் என்ன, முகவரி எண் 169.254 என்று தொடங்குகிறதா. 'வைஃபை வேலை செய்யல' என்று மட்டும் சொல்லி மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அந்தத் தாளையும் லேப்டாப்போடு சேர்த்துக் கொடுங்கள்.